தண்ணி லாரிக்காரன் கதை

ஒரு புத்தகம் நல்ல புத்தகமா, இல்லையா என்று சொல்ல எங்கள் மூன்று பேரிடமும் ஒரே அளவுகோல்தான் இருந்தது. பஸ்ஸில் படித்துக்கொண்டு போகும்போது, இறங்க வேண்டிய இடத்தில் அது நம்மை இறங்க விட்டதா? விட்டால் சுமார் ரகம். கண்டக்டர் கத்திய பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் தேவலை. ஊரைத் தாண்டிப் போய், தலையில் அடித்துக்கொண்டு, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தால் அதுதான் புத்தகம். விருதுநகரில் இறங்க வேண்டிய நான் கள்ளிக்குடியில் போய் இறங்கியிருக்கிறேன். "என்னம்மா, தூங்கிட்டீகளா?" என்று கண்டக்டர் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நாவல் படித்தேன் என்று சொன்னால் அந்த மனுஷன் பார்க்கிற பார்வை இன்னும் மோசமாக இருக்கும்.

எனக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை. பிழை திருத்துகிறேன். தினசரித் தாளில் வரும் தேதி, கிழமை, ராகு காலம், நல்ல நேரம், இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு அலையும்போது எனக்கு அடுத்த வருஷத்துப் பொங்கலும் ஈஸ்டரும் முடிந்துபோயிருக்கும். நாள் முழுக்க வராத நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குத் துப்பறியும் கதைதான் சரி. செத்தவன் முதல் பக்கத்திலேயே செத்துவிடுவான். அதற்குமேல் கவலை இல்லை.

இரண்டாமவள் விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரக் குடும்பம். அப்பாவை அவள் அத்தா என்பாள்; அத்தா கடை கீழே, வீடு மேலே. அவளிடமிருந்து வாங்கும் புத்தகத்தைப் பிரித்தால் முதலில் தும்மல் வரும், அப்புறம்தான் கதை வரும். அவளுக்குப் பேய்க்கதை வேண்டும். பேயில்லாத புத்தகத்தை அவள் உப்பில்லாத சோறு என்பாள்.

மூன்றாமவள் கெமிஸ்ட்ரி படித்தவள், சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்கு விஞ்ஞானக் கதை. வேறு கிரகம், வேறு காலம், பேசுகிற இயந்திரம், எது கிடைத்தாலும் விழுந்து விழுந்து படிப்பாள். நாங்கள் கல்லூரியில் ஒரே பெஞ்சு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையின் குடும்ப அறையில் கூடுவோம். பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, புத்தகங்களை எண்ணெய் படாமல் மடியில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

"ஏன்டி, செவ்வாய்க்கிரகத்துக்குப் போனான், குடியிருந்தான், பிள்ளை பெத்தான்னு எழுதுறான். அங்கன என்ன சாப்பிட்டான்னு ஒரு வரி எழுதுனானா?" என்பாள் மிளகாய்க்காரி.

"மாத்திரை."

"மாத்திரையத் தின்னுட்டு எவனாவது பிள்ளை பெப்பானா? போடி."

"உன் பேய் மட்டும் என்னத்தச் சாப்பிடுது?"

"அது பழிவாங்குது. அதுக்கு அதுவே போதும்."

இப்படித்தான் போகும். முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒருமுறை நான் கொலைகாரன் யார் என்று வாய்தவறி உளறிவிட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என் தட்டை எடுத்துக்கொண்டார்கள். பரோட்டாக் கடை அறைக்குள் சண்டை வந்ததுண்டு, ஆனால் வருத்தம் வந்ததில்லை.

இதெல்லாம் அந்த வெடிக்கு முன்னால். அந்த வெடியில் பட்டாசுக் கம்பெனிக்காரியின் மேற்பார்வையில் இருந்த ஒரு ஷெட் போனது. உள்ளே இருந்த நான்கு பெண்களில் மூன்று பேர் போனார்கள். அவள் வெளியில் இருந்தாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் அவள் முடித்ததில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதை நாங்கள் தெரிந்துகொள்ளவே ரொம்ப நாள் ஆயிற்று.

எல்லாம் ஒரு நாவலில் தொடங்கியது, அதை வாங்கியவள் நான். மதுரையில் நடைபாதைக் கடையில் கிடந்தது. அட்டை இல்லை, முதல் தாள் இல்லை, எழுதியது யாரென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கிரகத்துக்குக் கிரகம் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு கப்பல், அதை ஓட்டும் ஒரு நடுவயதுக்காரன். வழி தப்பிவிடுகிறது. வீட்டில் பெண்டாட்டியும் மகளும் இருக்கிறார்கள். ரேடியோவில் அவர்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் பேசுவது அவர்களுக்குப் போய்ச் சேராது. "எப்ப வர்றீங்க?" என்று பெண்டாட்டி கேட்டுக்கொண்டே இருப்பாள். விஞ்ஞானக் கதை என்றாலே கொட்டாவி விடும் என்னை இந்தப் புத்தகம் கள்ளிக்குடியில் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பட்டாசுக் கம்பெனித் தோழியின் மடியில் போட்டேன்.

"இறங்க விடாதுடி" என்றேன்.

நான் எதையும் அவ்வளவு லேசில் பாராட்டுகிறவள் இல்லை என்பதால் அவள் அங்கேயே பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சால்னா ஆறிப்போயிற்று. மிளகாய்க்காரி அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போனும் கூடாது, பையும் கூடாது. எல்லாவற்றையும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ரேடியோவும் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை குனிந்து குழாயில் மருந்து அடைக்கிற பெண்களுக்குப் பேச்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சூப்பர்வைசர் என்றால் ஷெட் ஷெட்டாகச் சுற்றிவர வேண்டும். அந்த ஒரு ஷெட் வாசலில் மட்டும் அவள் கொஞ்சம் நின்று, படித்த கதையில் ஒரு துண்டைச் சொல்லிவிட்டு நகருவாள். அடுத்த சுற்றில் அடுத்த துண்டு.

அந்த நான்கு பெண்களைப் பற்றி எங்களிடம் அவள் சொல்லாத ஞாயிறு இல்லை. எல்லாரிலும் மூத்த ஒருத்தி. சாத்தூர்க்காரி ஒருத்தி. அந்த வருஷம்தான் கல்யாணம் ஆன ஒருத்தி. நாலாவது ஒரு சின்னப் பெண், அவளைச் சின்னவள் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். கப்பல் என்றால் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் அந்த ஆளைத் தண்ணி லாரிக்காரன் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் தண்ணி லாரி எப்போது வரும் என்று வாசலில் குடத்தை வைத்துவிட்டு நிற்காதவர் யார்?

"மூத்த அக்கா சொல்லுது, அவனுக்கு நிலாவுல வேற ஒருத்தி இருக்காளாம். அதான் வழி தப்புற மாதிரி நடிக்கிறானாம்" என்று அவள் எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். "கல்யாணப் பொண்ணு, அவன் இல்லாம பொண்டாட்டி வீட்டுச் செலவுக்கு என்ன செய்யுதுன்னு கேக்குது. சாத்தூர்க்காரிக்கு லாரியில தண்ணி கெட்டுப்போகாதான்னு கவலை. சின்னவளுக்கு ஒரே கேள்விதான். வீட்டுக்குப் போய்ச் சேந்தானா, இல்லையா?"

"நீ என்ன சொன்ன?"

"நானே இன்னும் அதுவரைக்கும் படிக்கலையே."

அதுதான் நாங்கள் அந்தக் கதையைப் பற்றிச் சிரித்த கடைசி ஞாயிறு.

வெடிச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. பட்டாசு வெடிக்கிற சத்தம் வேறு, கம்பெனி வெடிக்கிற சத்தம் வேறு. முதலாவது காதில் கேட்கும். இரண்டாவது காலில் கேட்கும். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அடுத்த வருஷத்துத் தை மாதத் தாளை எடுத்து வைத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அடித்துக்கொண்டது. அப்புறம் எல்லாரும் வெளியே ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தோம். எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம் நமக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அடுத்த நினைப்பு. எல்லார் கையிலும் போன். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் யாருக்கும் கிடைக்காது.

எனக்குக் கிடைத்தது. முதல் ரிங்கிலேயே அவள் எடுத்தாள்.

"நான் வெளிய இருக்கேன்" என்றாள். "நான் வெளியதான் இருக்கேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் கூச்சல். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று சத்தம் போட்டு நன்றி சொன்னேன். போன் கேட்டில் இருக்கும், வேலை நேரத்தில் அவள் உள்ளே இருப்பாள், அப்படியிருக்க முதல் ரிங்கில் எப்படி எடுத்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உயிரோடு இருக்கிறவளிடம் எப்படி இருக்கிறாய் என்று யார் கணக்குக் கேட்பார்கள்?

வெடிமருந்து உராய்ந்ததால் என்று பேப்பரில் எழுதினார்கள். அவள் வேறு கம்பெனிக்கு மாறினாள். சாவுக்குப் போனாள், மூன்று வீட்டுக்கும் போனாள். ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னவளைப் பார்க்க மட்டும் போகவில்லை. சின்னவள் உயிர் பிழைத்து, ஆஸ்பத்திரியை விட்டு வந்து, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகும் போகவில்லை. நாங்கள் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுவாள். சரி, பார்க்க மனசு தாங்காது போல என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் தவறாமல் வந்தாள். முன்பைவிட அதிகமாகப் படித்தாள். அபிப்பிராயமும் சொன்னாள், முன்பைவிடக் கூர்மையாகச் சொன்னாள். மிளகாய்க்காரி கொடுத்த ஒரு பேய் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு, பேய் எப்போதும் ஒரே அறையில் ஏன் நிற்கிறது, பக்கத்து அறைக்குப் போக அதற்குத் தெரியாதா என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள்.

"அதான் கடைசில சொல்லிருக்கானே, அந்த அறையிலதான் அது..." என்று மிளகாய்க்காரி ஆரம்பித்தாள்.

"சொல்லாத."

"நீதான் படிச்சுட்டியே."

"சொல்லாதன்னா சொல்லாத!" என்று கத்தினாள். கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் சொருகியிருந்தது, எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்த வருஷம், வெடி நடந்த அந்தத் தேதி என் மேசைக்கு வந்தது. வருஷா வருஷம் வரும், எல்லாத் தேதியும்போல. தாளில் நல்ல நேரம் போட்டிருந்தது. சுப முகூர்த்தம் வேறு. பிழை ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். என்னால் அனுப்ப முடியவில்லை. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஏன் அவள்மேல் என்று கேட்டால் தெரியாது. செத்தவர்கள்மேல் கோபப்பட முடியாதே.

அடுத்த ஞாயிறு, தட்டு வரும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். "முடிவு படிக்காம உனக்கென்னடி அபிப்பிராயம்? யாரை ஏமாத்துற? நாங்க என்ன லூசா?"

அவள் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி புள்ளையப் போட்டு..." என்று மிளகாய்க்காரி என் கையை அமுக்கினாள்.

"விடு. அவ சொல்லட்டும்."

சொன்னாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் கேட்டுக்குப் போய், பையிலிருந்து அந்த நாவலை எடுத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தாள். போகச் சொன்னதே அந்த நான்கு பேரும்தான். "இன்னிக்கி முடிச்சுட்டு வந்து சொல்லிப்புடணும்க்கா, சீசன் தொடங்குனா உங்களுக்கு நேரமிருக்காது" என்று சொல்லி அனுப்பினார்கள். மணி அடித்தது. பெண்கள் ஷெட்டுக்குள் போனது அவளுக்குத் தெரியும். நாலைந்து பக்கம்தான் பாக்கி. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

"மோசமான புத்தகமா இருந்தா மூடி வச்சுட்டுப் போயிருப்பேன். உள்ள போயிருந்தா ஏதாவது கண்ணுல பட்டிருக்கும். கீழ சிந்திக் கிடந்ததோ, கூடுதலா எடுத்து வச்சிருந்தாளுகளோ... நான் பாத்திருப்பேன்டி. அதுக்குத்தான எனக்குச் சம்பளம்." என் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏன் எனக்கு நல்ல புத்தகமாக் குடுத்த?"

மிளகாய்க்காரிதான் அழுதாள். பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கும்போது மிச்சத்தையும் சொன்னாள். ஒரு புத்தகத்தில் கடைசி அத்தியாயம் நெருங்க நெருங்க அவளுக்குக் காதில் கேட்கிறதாம். "அப்புறம்?" என்று. நான்கு பேர் சேர்ந்து கேட்கிறார்களாம், சின்னவள் குரலும் அதில் உண்டாம். அடுப்படியிலும் கேட்கிறது, பஸ்ஸிலும் கேட்கிறது. முடித்தால் போய்ச் சொல்ல வேண்டும். யாரிடம் போய்ச் சொல்ல? அதனால் முடிப்பதில்லை.

"பேய்க்கதை படிக்கிறவ நானு. உனக்குப் போய் இது வந்திருக்கு பாரு" என்றாள் மிளகாய்க்காரி. கேலியாகச் சொல்லவில்லை, மனசு பொறுக்காமல் சொன்னாள்.

"சின்னவள் இருக்காள்ல, அவகிட்டப் போய்ச் சொல்லலாம்ல?" என்றேன்.

"அவ கேக்கமாட்டாளா, மணியடிச்ச பிறகு நீங்க எங்கக்கா இருந்தீகன்னு?" என்றாள். "அதுக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்காகத்தான் கதை படிச்சுக்கிட்டிருந்தேன்னு சொல்லவா?"

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் நல்லாயிருக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருக்கு, படிச்சுப் பாரு என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சின்னவளே ஆள் அனுப்பினாள். அச்சகத்தில் தாள் மடிக்கும் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், சின்னவளின் அம்மா ஊர். சாத்தூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து நின்றாள். "உங்க கூட்டாளிதானே அந்தக் கதை சொல்ற அக்கா? எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை பாக்கிறவுக கிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டே கெடக்கு. அந்த அக்காவ ஒருக்க வரச் சொல்லுங்கக்கா, ரொம்ப அவசரம்னு சொல்லுது."

தோழியிடம் போய்ச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் கெஞ்சினேன், திட்டினேன். மிளகாய்க்காரி இரண்டுமே செய்யவில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வா. வரலைன்னா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருவேன், நான் சும்மா போறவ இல்ல, உனக்கே தெரியும்" என்றாள். பேய்க்கதை படித்துப் படித்து அப்படிப் பேசப் பழகியிருந்தாள்.

வந்தாள். நாவல் மஞ்சள் பைக்குள் இருந்தது. அன்று வேப்பமரத்தடியில் விழுந்து கிடந்ததை வாட்ச்மேன் எடுத்து வைத்திருந்து கொடுத்தாராம். அன்றிலிருந்து அதைப் பிரிக்கவே இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். எனக்கு மட்டும் வேறு ஒரு பயம். முடிவு எனக்குத் தெரியுமே. மிளகாய்க்காரி அதைப் படிக்கவில்லை, மற்றவள் முடிவுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள், அந்த பஸ்ஸில் முடிவு தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லிவிடலாமா, வேண்டாம் திரும்பிப் போகலாம் என்று சொல்லலாமா என்று வழி முழுக்கத் தவித்தேன்.

சீமைக்கருவேலைக்கு நடுவில் ஒரு தெரு, காலனி வீடு. சின்னவளின் அம்மா வாசலுக்கு வந்து, "வாங்கத்தா, வாங்க, உள்ள வாங்க. குடிக்கக் கலர் வாங்கியாரட்டா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் கடைக்குப் போனார். உள்ளே கட்டிலில் சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து ஒரு பக்கம் முழுக்கத் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. இடது கையில் விரல்கள் ஒட்டிக்கிடந்தன. கண்கள் மட்டும் நன்றாக இருந்தன. அந்தக் கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி அவளைப் பார்த்தாள்.

"வந்துட்டீகளாக்கா" என்றாள்.

என் தோழி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அழவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"அங்கனயே நிக்கீக? அன்னிக்கி மாதிரியே வாசல்லயே நின்னு சொல்லப் போறீகளா?" என்று சின்னவள் சிரித்தாள். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "உக்காருங்கக்கா. லாரிக்காரன் என்ன ஆனான்?"

என் தோழி தரையில் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று, எப்படி இருக்கிறாய் என்று எதையும் அவள் கேட்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் தேடவேண்டியே இருக்கவில்லை, தானாகப் பிரிந்தது.

வாசித்தாள். குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் பழகிவிட்டது. அவளும் அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள் என்பது சின்னவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கப்பலுக்கு வழி கிடைத்துவிடுகிறது. வீடு ஒரு பக்கம். மறு பக்கம், தண்ணீர் இல்லாமல் ஒரு குடியிருப்பு கத்திக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் பெண்டாட்டி, சோறு வச்சிருக்கேன், எப்ப வர்றீங்க என்கிறாள். அந்த இடம் நெருங்க நெருங்க எனக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடலாமா என்று இருந்தது. அவன் ரேடியோவை அணைக்கிறான். கப்பலைக் குடியிருப்புப் பக்கம் திருப்புகிறான். அவ்வளவுதான் கதை.

அவள் புத்தகத்தை மூடினாள். வெளியே யார் வீட்டிலோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இம்புட்டுதானா?" என்றாள் சின்னவள். "வீட்டுக்குப் போகவே இல்லையா?"

"இல்ல."

"ஏக்கா, இதுக்கா நீங்க மணியடிச்ச பெறகும் அங்கன உக்காந்திருந்தீக?"

மிளகாய்க்காரி என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவள் இத்தனை நாளும் இந்த ஊர்ப் பக்கம் தலை வைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்தபடியே, "ஆமா. இதுக்குத்தான்" என்றாள்.

"நல்லாவே இல்லையே!" என்றாள் சின்னவள். நிஜமாகவே அவளுக்குக் கோபம் வந்திருந்தது, கதையின்மேல். "எங்க ஷெட்டு வாசல்ல இருந்து பாத்தா கேட்டு தெரியும்ல. நீங்க தலையத் தூக்கவே இல்ல. நான் கூப்பிடப் போனேன். மூத்த அக்காதான், ஏ கூப்பிடாதடி, முடிச்சுட்டே வரட்டும், பாதியில வந்தா நமக்குத்தான் கஷ்டம்னு சொல்லுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. அதுக்குப் பெறகு எனக்கு ஒண்ணும் தெரியல."

என் தோழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு, வாயைப் பொத்தாமல் அழுதாள். இத்தனை காலத்தில் நான் பார்த்த முதல் அழுகை அது. சின்னவள் நல்ல கையை நீட்டி அவள் தலையில் வைத்தாள், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இல்லை, சும்மா வைத்தாள்.

"எதுக்கு அவசரம்னு சொல்லிவிட்டேன்னு கேக்கலையேக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"அவளுக மூணு பேரும் வாராளுக. தூங்குனா வந்து கட்டில்ல உக்காந்துக்கிறாளுக. அடிச்சுச் சொல்றேன், எனக்குப் பயமெல்லாம் இல்ல. ஆனா விடமாட்டேங்கிறாளுக. லாரிக்காரன் என்ன ஆனான், சொல்லு, சொல்லுன்னு என்னையப் போட்டுப் பிடுங்குறாளுக. எனக்கு என்ன தெரியும்? அக்கா வருவாக, அக்கா வந்ததும் சொல்றேன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். நீங்கதான் வரவே இல்ல."

ஊரில் உள்ள பேயையெல்லாம் படித்தவள் என் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அம்மா கலர் பாட்டில்களோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவற்றைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"இனிமே சொல்லிருவேன்" என்றாள் சின்னவள். "ஆனா மூத்த அக்கா ஒத்துக்காது. கல்யாணப் பொண்ணு ஒரே அழுகையா அழுவா. அந்தப் பொம்பள சோறு வச்சுக்கிட்டு காத்திருக்கான்னு எப்பிடிக்கா அவகிட்டச் சொல்ல?"

என் தோழி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூடிய புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள். எழுதினவனுக்காகப் பதினெட்டு வயதிலிருந்தே வக்காலத்து வாங்கியவள் அவள். முடிவை ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால்கூடச் சண்டைக்கு வருகிறவள்.

"மாத்திச் சொல்லு" என்றாள். "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டான்னு சொல்லிரு."